கைடு கட்டில் சரிகை மின்ன: மெட்டாலிக் நூல் சுற்றுவதற்கு முழு வழிகாட்டி

தூண்டில் ராட்டில் லைன் ஓடுவதற்காகக் கட்டும் வளையமான கைடை மெட்டாலிக் நூலால் கட்டாதீர்கள். கட்டி முடித்த கைடுக்கு அழகு செய்ய அதை வையுங்கள். புதிதாக ராட் கட்டப் பழகும் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். நூல் உரிவது, வெட்டிய முனை முள்ளாக நிற்பது, கட்டின் மேல் பூசும் எபோக்ஸிப் பசைக்குள் காற்று மாட்டிக்கொள்வது, ஒரு வருஷத்தில் கைடு ஆட ஆரம்பிப்பது என்று பிறகு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, பிடித்து நிற்க வேண்டிய வேலையை இந்த நூலிடம் கொடுத்ததால் வருகிறவை. பிடிப்பது நைலான். மெட்டாலிக் அதன் ஓரத்தில் நாலு சுற்றோ ஆறு சுற்றோ, சேலைக்குக் கரை மாதிரி.

நான் கட்டுவதெல்லாம் பினாங்குக் கடலுக்குத்தான். 1985ல் திறந்த முதல் பாலத்தின் தூண்களை ஒட்டிப் படகில் நின்று ஜெனாஹாக், கெராப்பு மாதிரி மீனுக்கு இறக்குகிற கனமான ராட், பத்து மாவுங் ஊர்ப் பக்கம் சியாகாப்புக்கு, அதாவது கொடுவாவுக்கு வீசுகிற நடுத்தர ராட். உப்பு, வெயில், ஈரக்காற்று மூன்றும் சேர்ந்து அடிக்கிற இடம் இது, அதனால் கீழே சொல்வதில் சில விஷயங்களில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன்.

நூலைப் பற்றி முதலில்

சரிகை நமக்குப் புதிதில்லை. பழைய பட்டுச்சேலைச் சரிகையில் உள்ளே பட்டு நூல், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளி, அதன் மேல் தங்க முலாம். ராட் கட்டும் மெட்டாலிக் நூலும் அதே அமைப்புதான், பொருள்தான் வேறு. உள்ளே நைலானிலோ பாலியெஸ்டரிலோ ஒரு மைய இழை, அதைச் சுற்றி உலோகப் பூச்சு பூசிய பாலியெஸ்டர் படலத்தை நாடா போல நறுக்கிச் சுற்றியிருப்பார்கள். இந்த ஒரு அமைப்பிலிருந்துதான் அதன் எல்லாக் குணமும் வருகிறது.

நைலான் எபோக்ஸியைக் குடிக்கும். குடித்ததும் நிறம் இருண்டு, பாதி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் கலர் பிரிசர்வர் போடுகிறோம். மெட்டாலிக் படலம் எதையும் குடிக்காது, எனவே ஸ்பூலில் பார்த்த நிறம்தான் கடைசி வரை, கலர் பிரிசர்வர் தேவையே இல்லை. ஆனால் அதே காரணத்தால் எபோக்ஸி அதன் ஊடே இறங்கிப் பிளாங்கை, அதாவது ராட்டின் வெறும் கோலை, பிடிக்காது, மேலேயே உட்கார்ந்திருக்கும். அடுத்தது, படலம் விறைப்பானது, வளைத்தால் திரும்பி நிமிரப் பார்க்கும். கூரான விளிம்பில் இழுத்தால் உரிந்து உள்ளே இருக்கிற வெள்ளை இழை தெரிந்துவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தை எனக்குப் புரிய வைத்தவர் லிட்டில் இந்தியாவில் பிளவுஸ் தைக்கிற ஒரு அக்கா. நான் கட்டுகிற நூல் ஏன் அடிக்கடி உரிகிறது என்று கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டுத் தன் ஸ்பூலைக் காட்டினார். “தம்பி, சரிகைய சாதா நூல் மாதிரி இழுத்தா தோல் உரிஞ்சிடும். ஊசிக்கண்ணு பெரிசா இருக்கணும், டென்ஷன தளர்த்தணும், ஸ்பூல் உருண்டுதான் நூல் வரணும், தலைப்பக்கமா உருவக் கூடாது.” தலைப்பக்கமாக உருவினால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும், முறுக்கு ஏறினால் படலம் வாய் பிளக்கும். அவர் தையலுக்குச் சொன்ன மூன்றும் ராட்டுக்கு அப்படியே பொருந்துகிறது, பெரிய கண் உட்பட: நூல் டென்ஷன் கருவியின் எந்த ஓட்டை வழியாகப் போனாலும் அது வழவழப்பாக, அகலமாக இருக்க வேண்டும்.

சேலைச் சரிகையையே வைக்கலாமா

இதை எல்லாரும் ஒரு தடவையாவது யோசிப்பீர்கள், கடை பக்கத்தில் இருக்கிறது, விலையும் குறைவு. நானும் செய்தேன். முதல் சில மாதம் பிரமாதமாக இருந்தது, பிறகு எபோக்ஸியில் மயிரிழை வெடிப்பு விழுந்த இரண்டு இடத்தில் பச்சை பூக்க ஆரம்பித்தது. மலிவுச் சரிகையில் பலவற்றில் செம்புக் கம்பிக்கு மேல்தான் வெள்ளி முலாம், செம்புக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. அந்த ராட்டின் எட்டுக் கைடையும் பிரித்துத் திரும்பக் கட்டினேன்.

எம்பிராய்டரி மெஷின் மெட்டாலிக் நூல் வேறு, அது பெரும்பாலும் பாலியெஸ்டர் படலம்தான், சோதித்துவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சோதனை இப்படி: ஒரு முழம் நூலை எடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியில் பத்து தடவை இழுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் வேண்டாம். ஒட்டவில்லை என்றால் உடைந்த பிளாங்க் துண்டு ஒன்றில் பத்துச் சுற்று சுற்றி எபோக்ஸி பூசி, காய்ந்ததும் வெயிலில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். ராட் கட்டுவதற்கென்றே விற்கும் நூல் வாங்கினாலும் புது நிறத்துக்கு நான் இந்தச் சோதனையைச் செய்துவிடுவேன்.

அளவைப் பொறுத்தவரை ராட் நூல் பெரும்பாலும் ஏ, டி என்ற இரண்டில் வரும். ஏ மெலிசு, டி தடிமன். லேசான ராட்டுக்கு ஏ, படகு ராட்டுக்கு டி. நைலானும் மெட்டாலிக்கும் ஒரே அளவில் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் இரண்டும் சேரும் இடத்தில் படிக்கட்டு விழும், எபோக்ஸியில் அது தெரியும்.

நிறத்தில் ஒரு விஷயம் மட்டும். எபோக்ஸி வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும். வெள்ளி நிற நூலின் மேல் அது முதலில் தெரியும், தங்கத்திலும் செம்பு நிறத்திலும் தெரியவே தெரியாது. நாள் முழுக்க வெயிலில் நிற்கிற ராட் என்றால் நான் தங்கம்தான் வைப்பேன்: கறுப்பு நைலானுக்குத் தங்கக் கரை, அடர் பச்சைக்கும் தங்கக் கரை.

கைடின் காலைத் தயார் செய்வது

கைடின் கால் என்பது பிளாங்கின் மேல் படிந்து கட்டுக்குள் போகும் பகுதி. அதன் முனை தடிப்பாக இருந்தால் நூல் பிளாங்கிலிருந்து அதன் மேல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும். சின்ன அரத்தால் முனையின் மேல்பக்கத்தைச் சரிவாகத் தேயுங்கள், கத்தி முனை மாதிரி மெலிசாக வரட்டும். அடிப்பக்கத்தில் பிசிர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது பிளாங்கைக் கீறும். ஆல்கஹாலால் துடைத்து, கைடை மாஸ்கிங் டேப்பில் ஒரு காலை ஒட்டி நேராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நைலான் கட்டு

இதை ஏற்கெனவே தெரிந்தவர்கள் வேகமாகப் படியுங்கள். கால் முனைக்கு வெளியே பிளாங்கில் ஆரம்பித்து கைடின் வளையத்தை நோக்கிச் சுற்றுவது வழக்கம். நூலை அதன் மேலேயே குறுக்காகப் போட்டு ஐந்தாறு சுற்று, பிறகு வாலை வெட்டிவிட்டுத் தொடருங்கள். முடிக்க எட்டுச் சுற்று இருக்கும்போது, மெல்லிய பிரெய்டு லைனை மடித்துச் செய்த கண்ணியை உள்ளே வைத்துச் சுற்றி, நூல் முனையைக் கண்ணிக்குள் விட்டு இழுத்துவிட வேண்டும். டென்ஷன் எவ்வளவு என்றால், கட்டிய பிறகும் கட்டைவிரலால் தள்ளினால் கைடு இம்மியளவு நகர வேண்டும், தானாக நகரக் கூடாது.

இதில் மெட்டாலிக்குக்காக மாற்றிச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கால் முனையைத் தாண்டி வெறும் பிளாங்கின் மேல் நைலான் குறைந்தது 3 அல்லது 4 மில்லிமீட்டர் போக வேண்டும். ராட் வளையும்போது வளைவு முழுக்கக் கால் முனையில் வந்து குவியும், எபோக்ஸி வெடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். சரிகைக் கரை அந்த இடத்திலேயே உட்கார்ந்தால் வெடிப்பு நேராக அதன் வழியாக ஓடும். கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கரை கட்டுவது, மெதுவாக

ஆறு சுற்றுக் கரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். டி நூலில் ஆறு சுற்று என்பது ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் அகலம், அதற்குள் ஆரம்பம், முடிவு இரண்டும் ஒளிய வேண்டும். அதனால்தான் இது சின்ன வேலை மாதிரித் தெரிந்தும் நேரம் பிடிக்கிறது.

டென்ஷனை நைலானுக்கு வைத்ததில் பாதிக்குக் குறையுங்கள். கருவி எதுவும் இல்லை என்றால் ஸ்பூலை ஒரு கிண்ணத்தில் படுக்க வைத்து, நூலைத் தடித்த புத்தகம் ஒன்றின் பக்கங்களுக்கு நடுவே விட்டு எடுங்கள். உருளாத ஸ்பூலாக இருந்தால் நடுவில் ஒரு பென்சிலைச் செருகிப் படுக்கையாகத் தாங்கக் கொடுங்கள். புத்தகத்தில் கூர் விளிம்பே கிடையாது, மெட்டாலிக்குக்கு இதைவிட நல்ல டென்ஷன் கருவியை நான் பார்த்ததில்லை.

வெட்டு முனை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஸ்பின்னிங் ராட்டில் கைடு கீழே தொங்கும், பிடிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவது எதிர்ப்பக்கம், ஆகவே முனை கைடு பக்கம் வரட்டும். பேய்ட்காஸ்டிங், படகு ராட்டில் கைடு மேலே, அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்.

கண்ணியைப் பிளாங்கின் நீளவாக்கில் படுக்க வையுங்கள். அதன் மூடிய வளையம் வெளிப்பக்கம், அதாவது கரை முடியப் போகும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டு வாலும் நைலானின் மேல் கிடக்கட்டும். ஒரு டேப் துண்டால் பிடித்துக்கொள்ளலாம். கண்ணியிலிருந்து கால் சுற்று தள்ளி, மெட்டாலிக் நூலின் வாலை வெளிப்பக்கம் பார்த்துப் படுக்கப் போடுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் கரையில் மேடு விழும், அதற்காகத்தான் இந்தக் கால் சுற்று.

முதல் சுற்று நைலானை உரசிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது சுற்று வாலை அமுக்கும், அப்போது வாலை மெல்ல இழுத்து இறுக்குங்கள். மூன்றாவது முடிந்ததும் வாலை ஒட்ட வெட்டுங்கள். புது பிளேடு. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், நான் நாலைந்து வெட்டுக்கு ஒரு பிளேடு மாற்றுவேன், ஏனென்றால் மழுங்கின பிளேடு படலத்தை வெட்டாது, நசுக்கிக் கிழிக்கும், கிழிந்த படலம் பூனை மீசை மாதிரி விரிந்து நிற்கும். கத்தரிக்கோலும் அப்படித்தான். பிளேடை முன்னும் பின்னும் அறுக்காமல், வாலை மேலே நிமிர்த்திப் பிடித்து ஒரே தள்ளில் வெட்டுங்கள்.

நாலு, ஐந்து, ஆறு. நாலாவது சுற்று வெட்டின முனையை மூடிவிடும். ஆறாவது முடிந்ததும் விரலால் சுற்றுகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்பூலிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, முனையைக் கண்ணி வளையத்துக்குள் நுழையுங்கள். இப்போது கண்ணியின் வால்களைப் பிளாங்கோடு தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். நிமிர்த்தி வெடுக்கென்று இழுத்தால் கரை பிரிந்து வரும், அல்லது படலம் உள்ளே உரிந்து அந்த ஒரு இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். நூல் முனை நைலானும் கரையும் சேருகிற பள்ளத்தில் வெளியே வரும். அதை இழுத்து இறுக்கி, முன் சொன்ன மாதிரி ஒரே தள்ளில் வெட்டிவிட்டு, கரை முழுவதையும் நகத்தால் நைலான் பக்கம் தள்ளுங்கள். பள்ளம் மூடும்போது முனையும் உள்ளே போய்விடும்.

சுற்றுகளை நெருக்கி வழவழப்பாக்க உலோகக் கருவி வேண்டாம், பூச்சைச் சுரண்டிவிடும். பிளாஸ்டிக் கரண்டியின் முதுகோ பேனா மூடியோ போதும். நைலானில் பிசிர் நின்றால் ஸ்பிரிட் விளக்கில் ஒரு காட்டு காட்டுவோம் இல்லையா, அதை மெட்டாலிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள், படலம் சுருண்டு கறுத்துவிடும்.

நைலானுக்கு நடுவில் இழை

கரையைவிட எனக்குப் பிடித்தது இது, நைலான் கட்டின் நடுவே இரண்டோ மூன்றோ சுற்றுத் தங்கம். நைலானைச் சுற்றிக்கொண்டு வரும்போதே, இழை வர வேண்டிய இடத்துக்கு ஆறு சுற்றுக்கு முன்னால் மெட்டாலிக் வாலை உள்ளே படுக்க வைத்து அதன் மேல் நைலானை ஓட்டுங்கள். இடம் வந்ததும் நைலானை நிறுத்தி, அதை அறுக்காமல் முன்னோக்கி நீளவாக்கில் படுக்க வைத்து டேப்பால் பிடித்துவிட்டு, மெட்டாலிக்கை எழுப்பி அதன் மேல் மூன்று சுற்று. பிறகு மெட்டாலிக்கை முன்னோக்கிப் படுக்க வைத்து, நைலானை எழுப்பி அதன் மேல் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆறு சுற்றுக்குப் பிறகு மெட்டாலிக் வாலை வெட்டுங்கள், அடுத்த சுற்றுகள் அதை மூடிவிடும். இதில் இரண்டு முனையும் நைலானுக்கு அடியில் போய்விடுவதால் கரையைவிட இது உறுதி. ஆனால் நூல் மாறும் இரண்டு இடமும் பிளாங்கின் ஒரே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்க வேண்டும்.

முழுக்க மெட்டாலிக்காகவே வேண்டும் என்றால்

கேட்பவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. அப்படியானால் அதைக் கைடின் காலுக்கு அடியில் போடுங்கள். பிளாங்கில் முதலில் மெட்டாலிக் சுற்றி, ஒரு மெல்லிய பூச்சு எபோக்ஸி பூசிக் காயவிட்டு, அதன் மேல் கைடை வைத்து நைலானால் கட்டுங்கள். நைலானுக்குக் கலர் பிரிசர்வர் போடாமல் விட்டால் எபோக்ஸியைக் குடித்துப் பாதி கண்ணாடியாகி, அடியிலிருந்து வெள்ளியோ தங்கமோ கசியும். வெள்ளி மெட்டாலிக்குக்கு மேல் இளநீல நைலான் இப்படிக் கட்டியதைக் காலை வெயிலில் பார்த்தால், தெங்கிரி மீனின் முதுகு தண்ணீரில் திரும்புகிற மாதிரி இருக்கும்.

காலுக்கு மேலேயே மெட்டாலிக்கைச் சுற்றினால் ஒரு பெரிய தொல்லை. காலின் இரண்டு ஓரத்திலும் நூலுக்கு அடியில் ஒரு சின்னப் பொந்து இருக்கும். நைலான் என்றால் எபோக்ஸி மேலிருந்து ஊறி அதை நிரப்பிவிடும். மெட்டாலிக்கில் ஊறாது, காற்று உள்ளேயே நின்று, பிறகு அந்தப் பொந்து வழியாக உப்புத் தண்ணீர் ஏறும். அப்படித்தான் செய்தாக வேண்டும் என்றால் ராட்டைச் செங்குத்தாக நிறுத்தி, கொஞ்சம் சூடாக்கி இளக்கிய எபோக்ஸியை ஊசி முனையால் பொந்து வாயில் துளித் துளியாக விட்டு, மறுமுனையில் வெளியே வரும் வரை காத்திருங்கள்.

எபோக்ஸி, பினாங்குக் காற்றில்

நூல் வேலையை எவ்வளவு அழகாகச் செய்தாலும் இங்கே கெடுவதுதான் அதிகம். பூசுவதற்கு முன் கட்டை விரலால் தடவிப் பார்க்காதீர்கள், கை எண்ணெய் பட்ட இடத்தில் எபோக்ஸி ஒட்டாமல் வட்டமாக விலகும். சிரிஞ்சும் அதே மாதிரி: சிலிகான் தடவாத சிரிஞ்சு வாங்கி, ரெசினுக்கு ஒன்று, ஹார்டனருக்கு ஒன்று என்று அடையாளம் போட்டு வையுங்கள். சமபங்கு கலக்கும் வகை என்றால் ஒவ்வொன்றிலும் 3 சிசிக்குக் குறையாமல் எடுங்கள், குறைவாக எடுத்தால் சின்னத் தப்பும் விகிதத்தில் பெரிதாகிவிடும், கடைசி வரை பிசுபிசுக்கும். இரண்டு, மூன்று நிமிஷம் மெதுவாகக் கலக்கி, அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றுங்கள். குமிழி மேலே வந்து உடையும், சூடும் தங்காது. பாட்டிலில் எழுதியிருக்கும் வேலை நேரம் குளிர்ந்த அறைக்கு உரியது, நம் ஊர் 30 டிகிரி மத்தியானத்தில் அதைவிடச் சீக்கிரம் இறுகிவிடும்.

ஈரம் இன்னொரு பக்கம். ஈரக்காற்றில் காயும் எபோக்ஸியின் மேல் எண்ணெய் தடவின மாதிரி ஒரு மங்கல் படியும், மெட்டாலிக்கின் மின்னல் எல்லாம் அதில் போய்விடும். செப்டம்பர், அக்டோபர் மழை நாளில் நான் எபோக்ஸி வேலையே எடுப்பதில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஜன்னலை அடைத்து, ஏர்கோனை ஒரு மணி நேரம் முன்னாடியே டிரை மோடில் ஓட விட்டுவிட்டுத்தான் பாட்டிலைத் திறப்பேன்.

முதல் பூச்சு மெல்லியதாக. ராட் மோட்டாரில் நிமிஷத்துக்குப் பத்து, பதினைந்து சுற்று ஓடட்டும். கரையின் வெளி ஓரத்தைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் பிளாங்கின் மேலும் எபோக்ஸி போக வேண்டும், மெட்டாலிக்கை உண்மையில் பிளாங்கோடு பிடித்து வைப்பது அந்த ஓரம்தான். பத்து நிமிஷம் கழித்து மோட்டாரை நிறுத்தினால் மிச்சம் கீழே தொங்கும், பிரஷால் அதை எடுத்துவிட்டுத் திரும்ப ஓட விடுங்கள். குமிழிக்கு ஸ்பிரிட் விளக்கை அடியில் தள்ளிப் பிடித்து ஒரு தடவை வேகமாகக் கடத்தலாம், எபோக்ஸி மூடிய பிறகு அவ்வளவு சூட்டை நூல் தாங்கும். வாயால் ஊதாதீர்கள், மூச்சில் ஈரம் இருக்கிறது.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் மறுநாள் காலையில் ஒன்றிரண்டு மீசை எபோக்ஸியைக் குத்திக்கொண்டு நிற்கும். கவலைப்படாதீர்கள், முழுக்கக் காயட்டும், ஒரு நாள் விடுங்கள். பிறகு புது பிளேடைப் படுக்கையாக வைத்து அந்த மேட்டை மட்டும் சீவி, ஆல்கஹாலால் துடைத்துவிட்டு இரண்டாவது பூச்சைப் போடுங்கள், இருந்த இடமே தெரியாது. ஈரமாக இருக்கும்போது ஊசியால் குத்தி அமுக்கப் பார்த்தால் படலம் இன்னும் பிரியும்.

இரண்டாவது பூச்சுக்குப் பிறகும் மோட்டார் ஐந்தாறு மணி நேரம் ஓட வேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் ஒரு வாரம் பொறுத்துத்தான் நான் கடலுக்கு எடுத்துப் போவேன். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கைடு கால் ஓரங்களைத் துணியால் துடைத்து வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கரை ஓரத்தை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம், அந்தக் கரையை மட்டும் பிளேடால் சீவி எடுத்துவிட்டு நைலானைத் தொடாமல் புதுக் கரை சுற்றிப் பூசிவிடலாம், அரை நாள் வேலை.